பாதி பார்த்து அனுப்பிய காணொளி

நான் மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளியை விட்டவன். பினாங்கில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் பெட்டிகளை வாங்கி அடுக்கி வைப்பது என் வேலை. இதைப் படிக்கும் பிள்ளைகளே, இவருக்கும் பாடம் நடத்துவதற்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்டால் அது நியாயம்தான். ஆனாலும் என் மகள் படித்த தமிழ்ப்பள்ளியில், இணையத்தில் வரும் செய்தியை எப்படிச் சோதிப்பது, எப்படிப் பிரித்து வைப்பது என்று ஆறு சனிக்கிழமைகள் நான் சொல்லிக் கொடுத்தேன். அதே நாட்களில்தான் என் அண்ணனுக்குச் சிறுநீரகம் போய்க்கொண்டிருந்தது. என் பாடம் அவருக்கு உதவவில்லை. அதற்குக் காரணம் நான்.

அந்த வகுப்பு எனக்கு வந்த கதை எளிது. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் ஃபோலியோ என்ற பாடத் தொகுப்பு செய்கிறேன் என்று கண்டதையெல்லாம் இணையத்திலிருந்து எடுத்து ஒட்டினார்கள். ஆசிரியை பிரசவ விடுப்பில் இருந்தார். பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். "ஸ்டோர்ல எல்லாத்தையும் பிரிச்சுத்தானே வைக்கிறீங்க? அதையே பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுங்க."

ஸ்டோரில் ஒரு விதி உண்டு. பெட்டிமேல் சீட்டு இருக்க வேண்டும். யார் அனுப்பியது, எங்கிருந்து வந்தது, எந்தத் தேதி. சீட்டில்லாத பெட்டி அலமாரிக்குப் போகாது. மேனேஜரே அவசரப்பட்டாலும், தரையில் மஞ்சள் கோடு போட்ட இடத்தில் அது காத்திருக்கும். வகுப்பில் மூன்று கோப்புகள் வைத்தேன்: 'நம்பலாம்', 'பொறு', 'வேண்டாம்'. ஒவ்வொரு செய்திக்கும் பிள்ளைகள் சீட்டு எழுதி ஒரு கோப்பில் போட வேண்டும்.

"சார், இதுக்கு எவ்ளோ லைக் பாருங்க. நம்பலாம்ல போட்டுரவா?" என்றான் ஒரு மாணவன்.

"யாரு எழுதினது?"

"அது இல்ல சார். ஆனா லைக் இருக்குலா."

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் பிள்ளை, "உன் மூஞ்சிக்குக்கூடத்தான் லைக் விழுது" என்றாள். வகுப்பே சிரித்தது. ஆனால் இரண்டாம் வாரத்திலேயே 'பொறு' கோப்புதான் மற்ற இரண்டையும்விடத் தடிமனாக இருந்தது. அதில் எனக்குப் பெருமை. பிள்ளைகள் என்னை சார் என்று கூப்பிட்டதிலும் பெருமை.

மூன்றாம் வாரத்துக்கு, உங்கள் குடும்பத்தின் புலனக் குழுவுக்கு, அதாவது வாட்ஸ்அப் குழுவுக்கு, வந்த ஒரு செய்தியை எடுத்துச் சீட்டு எழுதி வாருங்கள் என்றேன். என் மகளும் அந்த வகுப்பில்தான் இருந்தாள். அவள் எடுத்தது ஒரு காணொளி. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர், இந்த இலைச் சாற்றைக் குடித்தால் சர்க்கரை நோய் அடியோடு போய்விடும், மாத்திரையைத் தூக்கி எறியுங்கள் என்று பேசுவார். பட்டர்வொர்த்தில் இருக்கும் என் அண்ணன், அவளுக்குப் பெரியப்பா, அதைப் பார்த்துவிட்டு கிளினிக்கில் கொடுத்த சர்க்கரை மாத்திரையை நிறுத்தி மூன்று மாதமாகியிருந்தது. சிறுநீரகம் தளர்கிறது என்று டாக்டர் அவரை முன்பே எச்சரித்திருந்தார்.

மகள் இரண்டு மாலை உட்கார்ந்து தேடினாள். பேசுபவர் பெயர்: சொல்லவில்லை. மருத்துவமனை: சொல்லவில்லை. வேறு யார் சொல்கிறார்கள்: இதையே எடுத்துப் போட்டவர்கள் மட்டும். என்ன விற்கிறார்கள்: அதே சாறு, பாட்டிலில். எல்லாம் எழுதியிருந்தாள். 'நம் குழுவுக்கு அனுப்பியவர்' என்ற இடம் மட்டும் காலி.

"இத ஏன் விட்டுட்ட?" என்றேன்.

"நீங்களே எழுதிக்குங்கப்பா."

கைப்பேசியை எடுத்துக் குழுவில் மேலே மேலே தள்ளிப் பார்த்தேன். அனுப்பியது நான். வேலையிடத்தில் தேநீர் வேளையில் பாதி பார்த்தேன், மணி அடித்தது, அனுப்பிவிட்டு எழுந்து போனேன். கீழே அண்ணன் 'நன்றி தம்பி' என்று போட்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் மகளும் எங்கள் ஆயர் ஈத்தாமில் பஸ் ஏறி, ஃபெரியில் அக்கரை பட்டர்வொர்த்துக்குப் போனோம். அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினேன். வீட்டில் அண்ணியின் தம்பிமார் இரண்டு பேர் சாப்பிட வந்திருந்தார்கள். அண்ணன் எல்லார் முன்னாலும், "வாங்க சார், வாங்க! எங்க வீட்ல வாத்தியாரு நீ ஒருத்தன்தான்" என்றார். நான் சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தேன். மகள்தான் சீட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"பெரியப்பா, அவரு டாக்டரான்னே தெரியல. அந்தச் சாறு விக்கிறவங்கதான் போட்டிருக்காங்க. நீங்க மாத்திர சாப்பிடுங்க பெரியப்பா."

அண்ணன் முதலில் சிரித்தார். "என்ன பாப்பா, அப்பாகிட்ட படிச்சுட்டு பெரியப்பாவுக்கே கிளாஸ் எடுக்கிறியா?"

"இல்ல பெரியப்பா, நெஜமா. அது பொய்."

அண்ணியின் தம்பி ஒருவர் சிரித்தார். அதில்தான் அண்ணன் முகம் மாறியது. "பொய்யா? யாரு அனுப்பினதுன்னு தெரியுமா ஒனக்கு? ஒங்கப்பன். எங்கூடப் பொறந்தவன். அவன் பாக்காமலா எனக்கு அனுப்புவான்? கேளு அவன."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மகளும் பார்த்தாள். பாதிதான் பார்த்தேன் அண்ணே என்று ஒரு வாக்கியம் போதும். அண்ணன் பேச்சை நாலு பேர் முன்னால் மறுத்து எனக்குப் பழக்கமில்லை. சார் என்று கூப்பிட்ட வாய் என்ன சொல்லும் என்ற பயமும் இருந்தது.

"பாப்பா, பெரியவங்ககிட்ட இப்படியா பேசுறது? மன்னிப்புக் கேளு" என்றேன்.

கேட்டாள். அண்ணன் அவள் தலையைத் தடவி, தட்டில் கோழித்துண்டு வைத்தார். அவள் அதைத் தொடவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவள் வகுப்புக்கு வரவில்லை. மீதி மூன்று வாரமும் நான் தனியாகப் போய் நடத்திவிட்டு வந்தேன். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

வகுப்பு முடிந்து சில வாரங்களில் அண்ணனுக்குக் கால் வீங்கியது, மூச்சு வாங்கியது. மருத்துவமனையில் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துவிட்டன என்றார்கள். முன்பே தளர்ந்திருந்தது, சர்க்கரை கட்டுப்பாடில்லாமல் ஏறிக் கெடுத்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். அன்று கட்டிலருகே உட்கார்ந்து உண்மையைச் சொன்னேன். பாதிதான் பார்த்தேன், பாப்பா சொன்னது சரி என்று அழுதுகொண்டே சொன்னேன்.

அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். "விடுடா. சாறு நல்ல சாறுதான். நான்தான் ஒழுங்கா வெறும் வயித்துல குடிக்கல."

இதைப் பிள்ளைகளுக்கு ஒரு பாடமாக எழுத வேண்டும் என்று பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். பாடம் எதுவும் வரவில்லை. உண்மையைக் கண்டுபிடிப்பது கடினமில்லை, ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை இரண்டு மாலையில் கண்டுபிடித்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் போவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

இப்போது அண்ணன் வாரம் மூன்று முறை இரத்தம் சுத்தம் செய்யப் போகிறார். என் விடுமுறை நாட்களில் நான் போய் அழைத்துப் போவேன். குழுவில் யாராவது எதையாவது போட்டால், இது யார் சொன்னது என்று கேட்டு எழுதுவேன். 'வாத்தியார் வந்துட்டாரு' என்று பதில் வரும், சிரிக்கும் முகங்களோடு. காணொளிகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

போன மாதம் மகளும் கூட வந்தாள். இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்டாள், என்னைவிட உயரம். சிகிச்சை மையத்தின் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது அண்ணன் கைப்பேசியை அவளிடம் நீட்டினார். சிறுநீரகத்தை மறுபடி வேலை செய்ய வைக்கும் ஒரு பொடியைப் பற்றிய காணொளி.

"பாப்பா, நீதான் இதெல்லாம் படிச்ச பிள்ள. பாத்துச் சொல்லு, இது உண்மையா?"

இந்த முறை கிண்டலில்லை. நிஜமாகவே கேட்டார். அவள் வாங்கி முழுவதும் பார்த்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

"எனக்குத் தெரியல பெரியப்பா."

அவளுக்குத் தெரியும். நான், "நானே சொல்றேன் அண்ணே, அது..." என்று தொடங்குவதற்குள், அவர் சிரித்தார். "பாத்தியா, பாப்பாவாலேயே பொய்னு சொல்ல முடியல." கைப்பேசியைக் கண்ணருகே பிடித்து, ஒரு விரலால் எங்கள் குழுவைத் தேடி அந்தக் காணொளியை அனுப்பினார். உள்ளிருந்து தாதி அவரைக் கூப்பிட்டார். நான் கைத்தாங்கலாக எழுப்பி அழைத்துப் போனேன். மகள் வெளியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.