சாவியை வெளியே விட்டு வைப்பவர்

கால்சா என்ற பழைய நகர்ப்பகுதியில் எனக்குக் கீழ்வீட்டில் இருந்த கிழவர், மால்டாவின் கோட்டைத் துறைமுகமான பிர்குவில் பிறந்தவர். குட்டையான மனிதர், புருவம் மட்டும் கடல்நுரைபோலச் சிலிர்த்து நிற்கும். பகலெல்லாம் அவருடைய வீட்டுச் சாவி வாசற்கதவின் வெளிப்பக்கத்திலேயே செருகியிருக்கும்.

“கள்ளன் வந்தால், சிஞோர்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“நானூறு வருசத்துக்கு முன்னம் துருக்கியர் மாதக்கணக்கா முற்றுகை போட்டும் எங்கடை ஊருக்குள்ளை வரேல்லை. ஊருக்கு அவ்வளவு பெரிய மதில். வீட்டையும் பூட்டினால், ஆபத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரன் எப்பிடி உள்ளை வாறது?”

சிரித்துவிட்டு மேலே வந்தேன். யாழ்ப்பாணத்தில் ராணுவத்துக்குப் பயந்து பழகிய கை எனக்கு. பூட்டிய கதவுக்கும் உள்தாழ்ப்பாள் போடும்.

மாசியில் காய்ச்சல் என்னைத் தனியாகச் சாய்த்தது. யாரோ கதவைத் தட்டியது கேட்டது. நா வறண்டு, “வாறன்” என்று சொல்லக்கூடக் குரல் எழவில்லை. இப்படியே செத்துக் கிடப்பேனோ என்று பயந்தேன். தட்டல் ஓய்ந்தது. சுவரில் வெயில் இடம் மாறியபின் தவழ்ந்துபோய்த் தாழ்ப்பாளை நீக்கினேன்.

படியில் அவர் உட்கார்ந்திருந்தார். மடியில் துவாய் சுற்றிய சூப்புச் சட்டி.

“காலமையிலிருந்து உம்மடை காலடிச் சத்தம் கேக்கேல்லை,” என்றார். “முற்றுகை முடிஞ்சுதோ?”

துவாயைப் பிரித்துச் சட்டியை நீட்டினார். சூப் பச்சைத்தண்ணீராய்க் குளிர்ந்திருந்தது. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.