இடப்பக்கம் இழுத்த வண்டி

நான்கு எலுமிச்சம்பழத்தில் மூன்று நசுங்கிவிட்டன. இடப்பக்க முன்சக்கரத்தடியில் வைத்தது மட்டும் வழுக்கிக்கொண்டு சாக்கடையோரம் ஓடிவிட்டது. கார் இடப்பக்கம் இழுக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொன்னதும் என் கண்முன் வந்து நின்றது அந்தப் பழம்தான். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள். அவளுக்கும் இந்த இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

அவர் திருத்தணியில் வாடகைக் கார் ஓட்டினார். மலைக்கு ஆள் ஏற்றி இறக்குவதுதான் பிழைப்பு. ஆந்திராவிலிருந்து மொட்டை போட வருகிறவர்களுக்கெல்லாம் அவர் பாவா, அதாவது மச்சான். தெலுங்கில் கதை பேசிக்கொண்டே மேலே கொண்டுபோய் விடுவார். ஸ்டீரிங்கில் ஆட்டம் இருந்ததால் அரக்கோணத்து பாய் கடையில் கழற்றிச் சரிசெய்தார்கள். பாய்க்கும் இவருக்கும் இருபது வருடப் பழக்கம். எங்கள் வீட்டுப் பொங்கல் அங்கே போகும். ரம்ஜானுக்கு அங்கிருந்து சேமியா வரும். அதில் முந்திரியைப் பொறுக்குவது நான். இருவருமே இப்போது இல்லை.

பாய் கடையிலிருந்து வந்ததும் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை எடுத்த மூன்றாம் நாளே இழுக்க ஆரம்பித்தது. காலையில் ஒழுங்காகப் போகும். மலையேறும்போதும் குறை சொல்ல முடியாது. இறங்கி வந்தால் மட்டும் ஸ்டீரிங்கை வலப்பக்கமாகவே அழுத்திப் பிடிக்க வேண்டும் என்றார். ஆடிக் கிருத்திகைக்கு எட்டு நாள்தான் இருந்தது. காவடி எடுப்பவர்கள் சாலையின் இரண்டு ஓரமும் வெறுங்காலோடு நடந்து வருவார்கள். இந்த வண்டி யார்மேல் போய் விழுமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பழம் ஓடிய கதையை மாமியாரிடம் சொன்னேன். அவ்வளவுதான். மறுபடி நான்கு பழம், ஒரு பூசணிக்காய், மலையடிவாரத்தில் கற்பூரம். எல்லாப் பழமும் அழகாக நசுங்கின. வண்டி அப்படியேதான் இழுத்தது.

இவர் பழியைப் பாய்மேல் போட்டார். ஸ்டீரிங்கைக் கெடுத்துவிட்டார் என்று ஸ்டாண்டு முழுக்கச் சொன்னார். வேறு ஆளிடம் விட்டு மறுபடி கழற்றப்போவதாகவும் சொன்னார். பேச்சு பஸ் ஏறி அரக்கோணம் போய்விட்டது. பாய் காதில் அது எப்படி விழுந்ததோ என்று எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. வண்டி மலையிலிருந்து இறங்கி வந்ததும் சக்கரங்களுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது என் வழக்கம். மூன்று சக்கரத்தில் சந்தனம் ஈரமாக இருந்தது. இடப்பக்க முன்சக்கரத்தில் விரலை எடுப்பதற்குள் காய்ந்து, வெடித்து, உதிர்ந்தது. தொட்டேன்; சுட்டது. வெயிலில் ஓடினால் சுடாதா, போய் டீ போடு என்றார் இவர். வெயில் நான்கு சக்கரத்துக்கும்தானே என்று கேட்டேன். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். இப்போது பேரன் காரைக் கம்ப்யூட்டர் வைத்த கடையில் விடுகிறான். டிவியில் பச்சைக் கோடு வந்தால் சரியாம். வீட்டுக்கு வந்ததும் நான் சந்தனக் கிண்ணத்தோடு போனால், "ஆயா, புது வீலு, கறையாயிடும்" என்கிறான். ஆனாலும் நான் தொட்டுப் பார்க்காமல் விடுவதில்லை.

அந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாள், பொதட்டூர்பேட்டைக்குப் புடவை எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அரக்கோணத்துக்கு ரயில் ஏறினேன். பாய் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, முதலில் டீ குடித்தேனா என்றுதான் கேட்டார். சந்தனம் காய்ந்ததைச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டிருந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்.

"இழுக்கறது ஏறும்போதாம்மா, எறங்கும்போதா?"

"எறங்கும்போதுதான் பாய். பிரேக்க மிதிச்சு மிதிச்சு வராரா, அதுக்கப்புறம் வூடு வரைக்கும் இழுக்குது. நின்னு ஆறிட்டா சரியாப் போவுது."

பாய் பையை எடுத்துக்கொண்டு என்னோடேயே ரயிலேறிவிட்டார்.

வாசலில் அவரைப் பார்த்ததும் இவர் எழுந்துகூட நிற்கவில்லை. பாய் கண்டுகொள்ளவில்லை. முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, பிரேக்கை நன்றாக மிதித்துக் காலை எடுத்துவிட்டு, சக்கரங்களைக் கையால் சுற்றிப் பார்த்தார். வலப்பக்கம் சுழன்றது. இடப்பக்கம் அசையவில்லை. அடியில் படுத்து வெகுநேரம் பார்த்தார். ஸ்டீரிங்கைக் கழற்றி மாட்டும்போது பிரேக்குக்கு ஆயில் போகும் ரப்பர் டியூப் முறுக்கிக்கொண்டிருக்கிறது. மிதிக்கும்போது போன ஆயில் திரும்பி வர வழியில்லாமல், பிரேக் சக்கரத்தைப் பிடித்தபடியே இருந்திருக்கிறது.

தெருவே பார்த்துக்கொண்டிருக்க, பாய் எழுந்து நின்று சொன்னார்: "கெடுத்தது நாந்தான் நைனா. ஆனா ஸ்டீரிங்க இல்ல, பிரேக்க."

திட்டுவதற்கு அத்தனை நாளாகச் சேர்த்து வைத்ததையெல்லாம் இவர் விட்டுவிட்டார். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று மட்டும் கேட்டார்.

"நான் எங்க கண்டுபுடிச்சேன்? நானும் ஸ்டீரிங்கயே நெனச்சுகினு இருந்தேன். சந்தனம் வச்சவங்கள கேளு."

இவர் என் பக்கம் திரும்பினார். "பொதட்டூர்பேட்டைல பொடவ நல்லா இருந்துச்சா?"

புது டியூப் மாட்டி, மலையேறி இறங்கிப் பார்க்கப் போனோம். பாய் முன்சீட்டில், நான் பின்னால். இறங்கி, கே.ஜி.கண்டிகை வரை போய், வண்டியை மலைப்பக்கமாகத் திருப்பியதும், நேர்ச்சாலையில் ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுக்கச் சொன்னார் பாய். இவர் தயங்கினார்.

"எடு நைனா. நான் பக்கத்துலதான இருக்கேன்."

இவர் இரண்டு கையையும் தூக்கினார். கார் நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. சாலையோரத்துப் பூக்காரம்மா, இவர் மலையைக் கும்பிடுகிறார் என்று நினைத்து, கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தானும் கைகூப்பினாள். இவர் கையை இறக்கவே இல்லை. பாய்தான் சிரித்துக்கொண்டு, "போதும், இப்ப புடி" என்றார்.