திங்கட்கிழமைப் பெருமழை

மழைக்குக் கிழமை தெரியாது. இதுகூடத் தெரியாமலா நான் காலநிலை ஆய்வுக்கு வந்தேன்? ஆனால் இலங்கை மலையகத்தில் ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மழைப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றி முடித்தபோது, பெருமழையெல்லாம் திங்கட்கிழமையாகப் பார்த்துப் பெய்திருந்தது. அதுவும் கடந்த பதினைந்து வருடங்களாக மட்டும். அந்த மலைச்சரிவில் பெருமழை கூடிவருகிறது என்பதுதான் என் ஆய்வின் முடிவே.

"பதிவேட்டைத் தூக்கிப் போடுங்கள்" என்றார் என் பேராசிரியர். அந்தச் சரிவுக்கு வேறு பதிவேடு கிடையாது. போட்டால் மூன்று வருட உழைப்பும் சேர்ந்து போகும். மறுநாளே பெரகலயில் பஸ்ஸை விட்டிறங்கி ஆட்டோ பிடித்து, சண்டைக்குப் போகிற முகத்தோடு தோட்டத்து ஆபீசுக்குள் நுழைந்தேன்.

மழை அளப்பவருக்கு ஐம்பது வயதிருக்கும். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. தினமும் காலையில் மழைமானியைப் பார்த்து எழுதுவது மேலதிகப் பொறுப்பு. பதினைந்து வருடத்துக்கு முன் அது அவர் தலையில் விழுந்திருக்கிறது.

"ஞாயித்துக்கெழம மாதா கோயில் பூசைக்குப் போயிருவேங்க மிஸ். அன்னைக்கு அளக்கிறதில்ல."

"அப்புறம் ஏன் அண்ணே சைபர் போட்டிருக்கீங்க?"

"கட்டத்த சும்மா விட்டா ஆபீஸ்ல ஏசுவாங்க."

ஆக, இரண்டு நாள் மழை திங்கட்கிழமை தலையில். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இதால வேலைக்கு ஒன்னும் வராதுங்களே?" என்று அவர் கேட்டதும் அது வந்த வழியே போய்விட்டது. ஏச்சுக்குப் பயந்து கட்டங்களை நிரப்பாதவர் யார்? நானும் எத்தனையோ படிவங்களை அப்படித்தான் நிரப்பியிருக்கிறேன்.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. கேட்கவே பயமாக இருந்தது. "ஞாயிற்றுக்கிழமைத் தண்ணியை ஒரு தடவையாவது கீழே ஊத்தியிருக்கீங்களா அண்ணே?" ஊற்றியிருந்தால் பதிவேடு எதற்கும் உதவாது.

அவர் முகம் முதல்முறையாகச் சுருங்கியது. "பெய்ஞ்சத எப்புடிங்க மிஸ் ஊத்துறது? அடமழைன்னா அளக்குற கிளாஸுல நாலஞ்சு தடவ வரும். எல்லாத்தயும் அளந்துதான் எழுதியிருக்கேன்."

பழைய வருடங்களிலும் ஞாயிறையும் திங்களையும் சேர்த்து மறுபடி கணக்குப் போட்டேன். பெருமழை கூடியிருக்கவில்லை. என் முடிவு போயிற்று, பதிவேடு நின்றது. பட்டம் ஒரு வருடம் பிந்தித்தான் கிடைத்தது. அந்த மனிதரைத் திட்டுவதற்காகத்தான் அவ்வளவு தூரம் போனேன் என்று நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.