காணாமல் போன பத்து இலை

போன ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் என் அக்கா மகளுக்கு வளைகாப்பு. நான் இருப்பதோ கடலூர் முதுநகரில். ஆனாலும் சாப்பாட்டுக் கணக்கு என் பொறுப்பு. எனக்கு மனக்கணக்கு வரும் என்று குடும்பத்தில் ஒரு பெயர்!

சும்மா வந்த பெயர் இல்லை. 25-இல் 16 சதவீதம் எவ்வளவு? மற்றவர்கள் போனைத் தேடுவதற்குள் திருப்பிப் போட்டு, 16-இல் கால்வாசி, நான்கு என்று சொல்லிவிடுவேன். தலைக்கு 125 கிராம் அரிசியா? ஆள் கணக்கை எட்டால் வகுத்தால் கிலோ வந்துவிடும். கால்குலேட்டர் எதற்கு?

வீட்டு ஆட்கள் பத்து பேரையும் சேர்த்து, பட்டியலில் 250 பேர். அதில் முதலில் கை வைத்தவர் அக்காவின் கணவர்.

"மச்சான், அன்னிக்கு முகூர்த்த நாளு. எல்லாரும் எங்க வரப்போறாங்க? ஒரு இருவது பர்சென்ட் கழிச்சுடு."

பத்து சதவீதம் 25. இரட்டித்தால் 50. சமையல் மாஸ்டருக்கு போன் போட்டு 200 இலை என்றேன்.

சாயங்காலம் அக்கா கூப்பிட்டார். "எதுக்குடா கொறச்ச? பத்தாம போயிட்டா சம்பந்தி வூட்டு முன்னாடி மானம் போயிடும். கழிச்சத திரும்ப சேத்துடு."

நான் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். "மாஸ்டர், சொன்னதுல இருவது பர்சென்ட் ஏத்திடுங்க" என்று சுருக்கமாகச் சொல்லி வைத்துவிட்டேன். எடுத்ததும் இருபது, வைத்ததும் இருபது... சரியாகிவிட்டது இல்லையா?

ஞாயிறன்று அழைத்த அத்தனை பேரும் வந்தார்கள். புளி சாதத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். கடைசிப் பந்தியில் நாங்கள் பத்து பேர் உட்கார்ந்தோம். மாஸ்டர் கையைப் பிசைந்துகொண்டு வந்தார். அண்டா காலி.

"எரநூறுல இருவது பர்சென்ட் நாப்பதுதான சார்? எரநூத்தி நாப்பது பேருக்குப் போட்டேன். ஜாஸ்தியும் இல்ல, கொறச்சலும் இல்ல."

அவர் கணக்கு சரி. 250-இல் இருபது சதவீதம் 50. ஆனால் 200-இல் அதே இருபது சதவீதம் 40தான். இருபது சதவீதம் கழித்தால் இருபத்தைந்து சதவீதம் சேர்த்தால்தான் பழைய இடத்துக்கு வரும். விட்டுப்போன பத்து பேர் — நாங்களேதான்!

மற்றவர்கள் ஓட்டலுக்குப் போய்க்கொள்ளலாம். அக்காவுக்குச் சர்க்கரை. சாப்பிடப் போகிறோம் என்று ஒரு மணிக்கே மாத்திரை போட்டிருந்தார். இப்போது மணி இரண்டரை. சர்க்கரை இறங்கி அவருக்குக் கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது. பயந்தே போனேன். வரிசைத் தட்டிலிருந்து ஒரு லட்டை எடுத்து ஊட்டினேன். கால் மணி நேரம் கழித்துத்தான் தெளிந்தார்.

"விடுடா தம்பி. வந்தவுங்க யாரும் பசியோட போவல இல்ல?" என்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

வீட்டில் யார் கணக்கில் தப்பு செய்தாலும், துண்டு விழுவது கடைசியில் சாப்பிடுகிறவருக்குத்தான். கவனித்திருக்கிறீர்களா?

குழந்தைக்குப் பெயர் வைக்கும் நாளன்றும் சாப்பாட்டுக் கணக்கு நான்தான். ஆனால் சதவீதம் கிடையாது. தலையை எண்ணப் போகிறேன் — ஒன்று என்று அக்காவிலிருந்து.