நான் வெட்டிய நாலு நிமிஷம்

என் மூக்குக் கண்ணாடிக் கூட்டில் இரண்டு விரல் நீளத்துக்கு ஒரு பிலிம் துண்டு கிடக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு அலுமினியக் குண்டானும், அதற்குள் இரண்டு கால்களும் தெரியும். முகம் இல்லை.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். படப்பெட்டியை சைக்கிளில் கட்டி மிதித்து, பிறகு ஆபரேட்டராகி, உத்திரமேரூர்ப் பக்கம் சொந்தமாகவே சினிமாக் கொட்டகை போட்டேன். படித்தவனுக்கும் வராத ஒரு வித்தை எனக்கு வரும். படத்தை வெட்டுவது. சாலவாக்கத்துக்குக் கடைசி டவுன் பஸ் கிளம்புவதற்குள் படம் முடியாவிட்டால் அந்தப் பக்கத்து ஜனம் மறுபடி வராது. அதனால் வெள்ளிக்கிழமை முழுசாக ஓட்டிப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை கத்திரி எடுத்துவிடுவேன். கதாநாயகனின் அப்பா சாகிற காட்சியில் பாதியை எடுத்தபோதுகூட ஒருத்தனும் கண்டுபிடிக்கவில்லை.

கண்டுபிடித்தவர் ஒருவர்தான். பெண்கள் பக்கம் டிக்கெட் கிழித்த அக்கா. இளவயதில் திருவிழா மேடைகளில் ரிக்கார்டு டான்ஸ் ஆடியவர். தொண்ணூறுகளின் கடைசியில், மேடை ஆட்டக்காரிகளைப் பற்றிய ஒரு டப்பிங் படம் போட்டேன். ஒன்பது பாட்டு. கண்ணாடிப் படிக்கட்டு, தலையில் இறகு, உடம்பெல்லாம் ஜிகினா. இருபது பெண்கள் ஒரே நேரத்தில் காலைத் தூக்க, விசில் கூரையைப் பிய்த்தது. அக்கா வெள்ளிக்கிழமையே திரைச்சீலை ஓரம் நின்று பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

“ஆட்டம் சூப்பரு மொதலாளி. இருபது பேர் காலு ஒண்ணா எறங்குது பாரு, அது லேசுல வராது. லைட்டு போட்டவன் கைக்கு மோதிரம் போடணும். ஆனா கதைன்னு ஒண்ணும் இல்ல. எவளுக்காச்சும் வேர்க்குதா? ஒம்போது பாட்டு ஆடியும் தலையில வெச்ச பூ வாடாம கீது. ஹீரோ வந்து கையப் புடிச்சா எல்லாம் சரியாப் பூடுதாம்!”

“வேற ஒண்ணும் தேறாதாக்கா?”

“ஒண்ணு கீது. அந்தக் கால் ஊற வெக்கிற சீனு. அத எட்த்தவனுக்கு வெசயம் தெரிஞ்சிருக்கு.”

படத்தில் ஆட்டம் முடிந்ததும், கடைசி வரிசையில் ஆடிய பெண் ஒருத்தி வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். பாட்டில்லை, பேச்சில்லை. நாலு நிமிஷம். அக்கா சொன்னது காதில் விழுந்தது, ஆனால் என் மனதில் பஸ்தான் ஓடியது. மறுநாள் எந்தப் பாட்டையும் தொடாமல் அந்த நாலு நிமிஷத்தை வெட்டி பிஸ்கட் டப்பாவில் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு, ராஜகுளத்தில் கட்டிக்கொடுத்த மகளை அக்கா அழைத்து வந்திருந்தார். அந்தப் பெண் எங்கள் கொட்டகையில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. கடைசிப் பாட்டு ஓடும்போது அக்கா ஆபரேட்டர் அறைக்குள் வந்து நின்றார்.

“இன்னா மொதலாளி, அந்த சீனு எங்க?”

“பஸ்ஸுக்கு லேட்டாவுதுக்கா. வெட்டிட்டேன்.”

படப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். “எம்பொண்ணு பெரியம்மா வூட்ல வளந்தவ. பெத்தவ ஜிகினா கட்டிக்கினு ஜாலியா ஆடப் போயிட்டான்னுதான் இன்னிவரைக்கும் பேசறா. காலு வீங்கிக் கெடந்தத நான் சொன்னா கதை வுடறேன்றா. படமாவது சொல்லட்டும்னு இட்டாந்தேன். இப்ப ஒம்போது பாட்டையும் பாத்துட்டா. அவ சொன்னதே ரைட்டுன்னு ஆயிட்ச்சி.”

பாட்டு முடிந்து திரையில் ‘வணக்கம்’ விழுந்ததும் டப்பாவிலிருந்த சுருளை எடுத்தேன்.

“படம் முடிஞ்சி வணக்கம் போட்டாச்சே!” என்றார் ஆபரேட்டர்.

“வணக்கத்துக்கு அப்பால ஓட்டக் கூடாதுன்னு எவன் சொன்னான்?” என்று என் கையாலேயே மாட்டி, விளக்கை அணைத்தேன்.

செருப்பைத் தேடிக்கொண்டிருந்த கூட்டத்திலிருந்து ஒரு குரல்: “இன்னாபா, செத்த படம் எந்திரிச்சி வருது!” சிரிப்பு. பாதிப் பேர் வெளியேறினார்கள். பெண்கள் பக்கத்து வாசலில், இடுப்பில் குழந்தையோடு அந்த மகள் நின்றாள். நாலு நிமிஷமும் அசையவில்லை. விளக்கு வந்ததும் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள்.

“வீக்கத்துக்கு இன்னா போடுவே?”

“உப்புத் தண்ணிதாம்மா.”

பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது குழந்தை அக்காவின் இடுப்புக்கு மாறியிருந்தது.

மாலைக் காட்சிக்கு அந்த நாலு நிமிஷத்தை ஒட்டி, கதாநாயகனின் ஜோடிப் பாட்டை எடுத்தேன். பெஞ்சைத் தட்டிக் கத்தினார்கள். கத்தட்டும் என்று விட்டேன். சாலவாக்கம் பஸ் தவறவில்லை. ஒட்டும்போது ஓரம் நறுக்கியதில் விழுந்ததுதான் இந்தத் துண்டு.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது என் கல்யாண மண்டபம் நிற்கிறது. போன மாதம் கண் ஆபரேஷன் ஆனதும் துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். குண்டானுக்குள் இருக்கும் வலது காலில் பெருவிரல் நகம் இல்லை; ஆடி ஆடிப் பெயர்ந்து விழுந்த இடம். இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமல் போனது. அக்கா அந்த வெள்ளிக்கிழமையே பார்த்திருப்பார்.