பச்சை டிக்குக்குள் லெமன் சாதம்

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அம்சவல்லி பதினோரு வருடம் நின்றாள். நின்றாள் என்றால் நின்றாள்தான். உற்பத்தி லைனில் நாற்காலி கிடையாது. நாற்பத்து மூன்றாம் வயதில் முழங்கால் வீங்கி, இனிமேல் நிற்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு போனபோது, நிர்வாகம் அவளை மூன்று மாதத்துக்கு ஐ.டி. அறையில் உட்காரவைத்தது. சுங்குவார்சத்திரத்தில் கம்பெனி பஸ் ஏறும்போதே அவள் முகத்தில் ஒரு மிதப்பு. சுழல் நாற்காலி, ஏ.சி., போதாக்குறைக்குத் தனி மவுஸ்!

வேலை இதுதான். தொழிற்சாலையில் ஓடும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் கணினிப் பட்டியலில் ஒரு பதிவு உண்டு. மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு. வாங்கிய பில், லைசென்ஸ் கடிதம், ஒப்பந்தம் என்று உரிய காகிதத்தைத் தேடிப் பிடித்து அந்தந்தப் பதிவோடு இணைக்க வேண்டும். இணைக்காத பதிவு சிவப்பாக நிற்கும், இணைத்தால் பச்சை டிக் விழும்.

"ஆடிட் வரதுக்குள்ள எல்லாம் பச்சை ஆவணும்க்கா," என்றான் சாம்ராஜ். அந்த அறையின் சூப்பர்வைசர், அவளைவிடப் பதினைந்து வயது இளையவன். "ஆச்சுன்னா இந்தச் சீட்டு உங்களுக்குத்தான்னு எச்.ஆர்.ல பேசறேன். இல்லாங்காட்டி திரும்ப லைனுதான்."

காகிதம் கிடைக்காதவற்றுக்கும் அவன் ஒரு வழி சொல்லிக் கொடுத்தான். 'சரி' என்று பெயரிட்ட ஒரு கோப்பு. அதை இணைத்தால் போதும், பச்சை வந்துவிடும். அந்த அறையில் காலங்காலமாக அதுதான் வழக்கம். உள்ளே என்ன இருக்கிறதென்று ஒருவரும் திறந்து பார்த்ததில்லை. அம்சவல்லியும் முதல் வாரத்திலேயே நாற்பது பதிவுகளைப் பச்சையாக்கிவிட்டு, வீட்டில் போய்ப் பீற்றிக்கொண்டாள்.

அடுத்த வாரம் வரைபடப் பிரிவிலிருந்து ஃபிரடி வந்தான். "அக்கா, எங்க டிராயிங் சாஃப்ட்வேர் லைசென்ஸ் எப்ப முடியுதுன்னு பாருங்களேன்."

"இதோ, பச்சையா கீது பாரு," என்று ஜம்பமாகத் திறந்தாள். திங்கள்: சாம்பார் சாதம். செவ்வாய்: லெமன் சாதம், உருளை வறுவல். கேன்டீன் மெனு!

"எங்க சாஃப்ட்வேருக்கு அப்பளம் கிடையாதாக்கா?" ஃபிரடி விழுந்து விழுந்து சிரித்தான். அம்சவல்லிக்கு மானம் போயிற்று. லைனில் அத்தனை வருடத்தில் பார்க்காமல் ஒரு பாகத்துக்குக்கூட அவள் ஓ.கே. ஸ்டிக்கர் ஒட்டியதில்லை. நாற்காலி கிடைத்த குஷியில் இங்கே நாற்பது ஒட்டியிருக்கிறாள்.

அன்றே ஆரம்பித்தாள். பச்சையை எல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து, மெனு இருந்தால் கழற்றினாள். நூற்றெழுபது பதிவுகள் சிவப்பாயின. அலமாரிகளைக் குடைந்தாள், பர்சேஸ் பிரிவில் போய் நச்சரித்தாள், விற்ற கம்பெனிகளுக்குப் போன் போட்டு நகல் அனுப்பவைத்தாள். கிடைத்ததில் பெயரும் தேதியும் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே இணைத்தாள். மூன்றாம் மாதக் கடைசியில் அறுபத்தொன்று பாக்கி. அவற்றின் கீழ், எங்கே தேடினாள், யாரைக் கேட்டாள் என்று எழுதிவைத்தாள்.

ஆடிட்டுக்கு முதல் நாள் சாம்ராஜுக்கு வியர்த்துவிட்டது. "இன்னாக்கா இது, இவ்ளோ செவப்பு! நாளிக்கு மட்டும் மெனுவைப் போட்டு வைங்க. அப்புறம் எடுத்துக்கலாம்."

"என் கையால போடமாட்டேன் சார்."

"லைனுக்குப் போனா உங்க காலு இன்னா ஆவும்?"

லைன் என்றதுமே முழங்கால் விண்ணென்று தெறித்தது. "போறேன்," என்று மட்டும் சொன்னாள். சாம்ராஜ் தானே செய்துவிட நினைத்து மவுஸில் கைவைத்தான். பிறகு என்ன தோன்றிற்றோ, கையை எடுத்துக்கொண்டான்.

ஆடிட்டர் எழிலரசி பச்சையில் பன்னிரண்டைத் திறந்து பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. சிவப்பின் கீழிருந்த குறிப்புகளை நிதானமாகப் படித்தார். "தேடியும் கெடைக்கல, அப்படித்தானே?"

"ஆமா மேடம்."

அவர் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார்.

மூன்று மாதக் கெடு முடிந்திருந்தது. திங்களன்று அம்சவல்லி லைன் தொப்பியை மாட்டிக்கொண்டு நேராக லைனுக்குப் போனாள். அரை மணி நேரத்தில் சாம்ராஜ் ஓடிவந்தான்.

"இங்க இன்னாக்கா பண்றீங்க? அந்த அறுபத்தொண்ணையும் சரி பண்ண நிரந்தரமா ஒரு ஆளு போடணும்னு ஆடிட்டர் எழுதிட்டாங்க. எச்.ஆர்.ல உங்க பேரைப் போட்டாச்சு." குரலைத் தாழ்த்தினான். "எல்லாம் பச்சையா இருந்துச்சுன்னா, வேலை முடிஞ்சுதுன்னு அந்தச் சீட்டையே தூக்கியிருப்பாங்களாம்."

லைன் நடுவிலேயே அம்சவல்லி அழுதுவிட்டாள். பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு நடந்தாள். வலிக்கிற கால்தான், ஆனாலும் சாம்ராஜ் வந்து சேர்வதற்கு முன்பே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.