செவலையைக் கூப்பிட்ட செயின்

அலங்காநல்லூர்ப் பக்கம் நல்லகாமனின் பழைய காரைக் கண்ணால் பார்த்தவர்களைவிடக் காதால் கேட்டவர்களே அதிகம். சாவியைத் திருகினால் போதும், தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குவதுபோல எஞ்சின் கலகலக்கும். தினமும் காலையில் எஞ்சின் சூடாகும் நேரத்தில்தான் தன் ஜல்லிக்கட்டுக் காளை செவலைக்கு அவர் பருத்திக்கொட்டை வைப்பார். அதனால் அந்தச் சத்தம் எங்கே கேட்டாலும் செவலை ஓடி வந்துவிடும். வாடிவாசலைத் தாண்டி ஓடும் மாடுகளைப் பிடிக்க மற்றவர்கள் கயிற்றோடு அலைவார்கள். நல்லகாமன் காரை ஸ்டார்ட் செய்துவிட்டு வெற்றிலை போடுவார்.

பொங்கலுக்கு முன் மெக்கானிக் தனிஸ்லாஸ் பானெட்டைத் திறந்து காது கொடுத்தான்.

"அண்ணே, எஞ்சினுக்குள்ள ஓடுற கேம் செயினை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனர் போச்சு. செயின் தொளதொளன்னு ஆடுது. பல்லு தாண்டுச்சுன்னா வால்வு வளைஞ்சு எஞ்சினே காலி. மாட்டுக்கு மாசாமாசம் டாக்டரு, வண்டிக்கு ஆயில் மாத்த மாட்டீகளோ?"

"மாத்துனா சத்தம் போயிருமாடா?"

"சுத்தமாப் போயிரும்ணே!"

"அப்பத் தொடாத."

வண்டி நடுரோட்டில் நின்றால் தள்ளப்போவது யார் என்று அவர் மனைவி பாண்டீஸ்வரிக்குத் தெரியும். ஜல்லிக்கட்டுக்கு முந்தின நாளே அவர் காளையோடு குட்டியானை வண்டியில் கிளம்பிப் போனதும், தனிஸ்லாஸைக் கூப்பிட்டு டென்ஷனர், செயின், ஆயில் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னாள். மறுநாள் கார் அவளோடும் அவனோடும் நேரே களத்துக்கு வந்தது.

செவலை யார் கையிலும் சிக்காமல் பாய்ந்தது. நல்லகாமன் மீசையைத் தடவிக்கொண்டு காரில் ஏறிச் சாவியைத் திருகினார். ஒன்றும் கேட்கவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. செவலை அந்தக் காரை முன்பின் தெரியாதவரைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கரும்புக்காட்டுக்குள் போய்விட்டது.

"அடியே, என் மாடு போச்சுடி!"

"வண்டி தப்பிச்சிருச்சுல்ல."

"டேய் தனிஸ்லாசு, பழசை எடுத்து மாட்டுடா!"

"மாட்டி முடிக்கிறதுக்குள்ள மாடு திண்டுக்கல்லு போயிரும்ணே. பழசு டிக்கியிலதேன் கெடக்கு."

பாண்டீஸ்வரி தூக்குவாளியிலிருந்த புளிச்சோற்றை அவர் மடியில் கொட்டினாள். பழைய செயினை வாளிக்குள் போட்டு மூடிக் குலுக்கினாள். கரும்புக்குள்ளிருந்து முதலில் கொம்புகள் தெரிந்தன. பிறகு, பருத்திக்கொட்டை எங்கே என்று கேட்கும் முகம்.

இப்போது கார் சத்தமில்லாமல் ஓடுகிறது. காலையில் அது சூடாகும்வரை முன்சீட்டில் உட்கார்ந்து பாண்டீஸ்வரி வாளியைக் குலுக்குகிறாள். நல்லகாமனுக்கோ பராமரிப்பில் பக்தியே வந்துவிட்டது. காருக்கு ஆயில் மாற்றும்போதெல்லாம், துருப்பிடிக்காமலிருக்க வாளிச் செயினுக்கும் நாலு சொட்டு விடப் பார்க்கிறார்.

அவள் வாளியை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறாள்.

"எண்ணெயை விட்டுச் சத்தத்த அமுக்கிறாதீக. அப்பறம் கலகலன்னு நீங்கதேன் கத்தணும்."